அளவுகோல் உங்கள் விரல்தான்: சீன மருத்துவம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சீன மருத்துவத்தில் சொல்லும் 'ச்சி' நம்ம பிராணன்தானே? ஐம்பூதமும் நம்மிடம் இருப்பதுதானே?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நெருங்கிய உறவு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'ச்சி' என்பதற்கான பழைய சீன எழுத்தில் மேலே ஆவி, கீழே அரிசி. உலை கொதிக்கும்போது எழும் ஆவியை நினைத்துக்கொள்ளுங்கள். உண்ட சோற்றிலிருந்தும் இழுத்த மூச்சிலிருந்தும் உண்டாகி, உடலைச் சூடாக வைத்து, ரத்தத்தை ஓட்டும் ஆற்றல் அது என்பது அவர்கள் கணக்கு. 12 முதன்மைப் பாதைகளில் அது ஓடுகிறது. ஓட்டம் தடைப்பட்ட இடத்தில் வலி.

அவர்களுடைய ஐந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அதில் இல்லை. தமிழில் சிலர் உலோகத்தைக் காற்று என்று மாற்றிச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம். நம் பூதங்கள் பொருள் எதனால் ஆனது என்று சொல்பவை. சீனர்களின் ஐந்தும் மாற்றத்தின் கட்டங்கள்: மரம் தளிர்ப்பது, நெருப்பு உச்சிக்குப் போவது, மண் பக்குவப்படுத்துவது, உலோகம் ஒடுங்குவது, நீர் சேமிப்பது. ஒன்று அடுத்ததை வளர்க்கும்; ஒன்றுவிட்டு அடுத்ததை அடக்கும். மரம் (கல்லீரல்) மிஞ்சினால் மண்ணை (மண்ணீரல், இரைப்பை) நெருக்கும். கோபத்தோடு சாப்பிட்டால் வயிறு உப்புவதை அவர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள்.

'மண்ணீரல் பலவீனம்' என்று அக்குபங்சர்காரர் (ஊசி குத்திச் சிகிச்சை தருபவர்) சொன்னால் பயந்துபோய் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். அது செரிமான வேலைக்கு அவர்கள் வைத்த பெயர். அதேபோல, ஸ்கேனில் மண்ணீரல் வீங்கித் தெரிந்தால் அதை இந்தக் கணக்கில் போட்டு விட்டுவிடவும் கூடாது.

கேள்வி: மகன் விசைப்படகில் புதிதாகக் கடலுக்குப் போகிறான். ஒரே வாந்தி. கையில் ஒரு புள்ளியை அழுத்தினால் நிற்குமாமே?
– வாசகி, காசிமேடு

பதில்: அந்தப் புள்ளியின் சீனப் பெயர் நெய்குவான், அக்குபங்சர் படங்களில் அதன் குறியீடு பி.சி.6. உள்ளங்கையை மேலே திருப்பச் சொல்லுங்கள். மணிக்கட்டு ரேகையில் மோதிர விரல் படும்படி மூன்று விரல்களைச் சேர்த்துக் குறுக்கே வைத்தால், ஆள்காட்டி விரலின் மேல் விளிம்பு நிற்கும் இடம். கையை இறுக மூடினால் அங்கே இரண்டு தசைநாண்கள் கயிறுபோல் புடைக்கும், அவற்றின் நடுவில். வைக்க வேண்டியது மகனின் விரல்களை, உங்களுடையதை அல்ல. சீன அளவு 'ட்சுன்' அவரவர் உடம்புக்கு அவரவர் விரல்தான். பலர் தவறுவது இங்கேதான்.

கட்டைவிரல் சதையால் (நகத்தால் அல்ல) மெல்ல மரத்து வலிக்கும் அளவுக்கு ஒவ்வொரு கையிலும் 2 முதல் 3 நிமிடம் அழுத்தலாம். படகு கிளம்பும் முன்பே தொடங்க வேண்டும். வாந்தி வந்தபின் பலன் குறைவு. இந்தப் புள்ளிக்கு நல்ல சான்று இருப்பது அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலில். கடல் மயக்கத்தில் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. டீசல் புகை படாமல் படகின் நடுவில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பதும் உதவும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். வலை இழுக்கும் இடத்தில் அது ஆபத்து.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, பல வருட சர்க்கரை. ஆற்றல் சிகிச்சை தருபவர் இன்சுலினை நிறுத்தச் சொல்கிறார். சர்க்கரை ஏறினால் 'கழிவு வெளியேறுகிறது' என்கிறார்.
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை ஏறுவது கழிவு அல்ல. ரத்தத்தில் குளுக்கோஸ் தேங்குவது. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வேகமான மூச்சு, பழ வாடை, மயக்கம் – இதில் எது தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனை என்றாலும் சரி, அருகில் எது இருந்தாலும் சரி. சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளிலேயே இன்சுலின் போடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். நீண்ட நாள் சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும். மாக்ஸா சூடு (மூலிகையைக் கொளுத்திக் காட்டுவது), கப்பிங் (குப்பி வைத்து உறிஞ்சுவது), முள் பதித்த மிதியடி எதுவும் அந்தப் பாதத்தில் படக் கூடாது. சுட்டதே அவருக்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி ஆறாமல் நிற்கும்.

கேள்வி: ரெய்கியும் சீன முறையா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ஜப்பான். கை வைத்து ஆற்றல் பாய்ச்சுவதாகச் சொல்லும் இந்த முறை மிக்காவோ உசுயி 1922-இல் தொடங்கியது. சீனாவில் உள்ளது ச்சிகோங்: மூச்சும் மெதுவான அசைவும். ரெய்கியில் கிடைக்கும் மன அமைதி உண்மை. கையிலிருந்து பாயும் ஆற்றலை எந்தக் கருவியும் அளந்ததில்லை.

கேள்வி: தோள்வலிக்கு அக்குபங்சர் ஊசி போடப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஊசி முத்திரையிட்ட உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும், ஒருமுறைதான் பயன்பட வேண்டும். தலைமுடியைவிடச் சில மடங்கு தடிமன், சுமார் 0.25 மி.மீ. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். தோளிலும் நெஞ்சுக்கூட்டின் மேலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழலாம். அரிதுதான். ஆனால் அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ, ஊசி போட்டவரிடம் திரும்பப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள்.