வாசகர் கேள்வி பதில்: பிளாட்ஃபார்ம் கேம்கள் ஏன் திரும்பித் திரும்பிப் பின்னாலேயே பார்க்கின்றன?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓடித் தாவி விளையாடும் பிளாட்ஃபார்ம் கேம்களைப் பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: புதிதாக வரும் பிளாட்ஃபார்ம் கேம் எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமான பிக்சல் படம், பழைய பீப் பீப் இசை, முதலில் புல்வெளி, அப்புறம் பாலைவனம், பனி, கடைசியில் எரிமலை. சின்ன வயதில் மாரியோ விளையாடியபோது கிடைத்த பரவசம் எதிலுமே கிடைக்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை கேம்களே இப்படித்தானா?

வயதுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கும். ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட வேண்டாம், ஏனென்றால் நீங்கள் ஏங்குகிற அந்தக் கேம்கள் வெளிவந்த காலத்தில் அவை எதையும் நினைவுபடுத்துவதற்காக வரவில்லை.

1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த கேமும் 40 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் போதாமல் வானத்து மேகத்துக்கும் தரையில் உள்ள புதருக்கும் ஒரே படத்தைப் போட்டு நிறத்தை மட்டும் மாற்றினார்கள். அந்த நெருக்கடிக்குள்ளும் முதல் லெவலை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் எதிரி நேராக உங்களை நோக்கி நடந்து வருகிறது, தாவியே ஆக வேண்டும். முதல் காளான் பெட்டியிலிருந்து வெளியே வந்து வலப்பக்கம் ஓடி, குழாயில் முட்டி, திரும்பி உங்களிடமே வந்துவிடுகிறது, அதனால் அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலானவர்கள் தானாகவே தெரிந்துகொள்கிறார்கள். ஒரு வரி விளக்கம்கூடத் திரையில் கிடையாது.

அப்புறம் 1996-ல் சூப்பர் மாரியோ 64. முப்பரிமாண உலகத்தில் ஓடுவது எப்படி, கேமராவை யார் பிடிப்பது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாத காலம். கேமராவை ஒரு கதாபாத்திரத்தின் கையில் கொடுத்து, அவன் மேகத்தில் மிதந்தபடி உங்களைப் படம் பிடிக்கிறான் என்று ஆரம்பத்திலேயே அறிமுகம் செய்துவைத்தார்கள். லெவல்களை வரைவதற்கு முன்பே மாரியோவை ஓட விடுவது, ஒரு முயலைத் துரத்த விடுவது என்று அந்த அசைவை மட்டும் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தார்கள். எதுவுமே செய்யாமல் கோட்டைக்கு வெளியே புல்லில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருப்பதே அதில் சுகமாக இருப்பது அதனால்தான். 2007-ல் சூப்பர் மாரியோ கேலக்ஸி தரையையே உருண்டையாக்கியது. தலைகீழாக ஓடினாலும் தலை சுற்றாதபடி புவியீர்ப்பை வைத்து விளையாடியது.

ஒவ்வொன்றும் “தாவலை வைத்து இதுவரை யாரும் செய்யாத எதைச் செய்யலாம்?” என்ற கேள்வியோடு வந்தது. இப்போது வருபவற்றில் பலவும் “போன தடவை என்ன செய்தோம், மக்களுக்கு எது ஞாபகம் இருக்கிறது?” என்பதிலிருந்து தொடங்குகின்றன. மாரியோவை உருவாக்கிய நிண்டெண்டோவே இதைச் செய்தது. 2006-ல் நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தபோது, நீண்ட இடைவெளிக்குப் பிறகு பக்கவாட்டில் ஓடும் மாரியோ என்பதால் அது நியாயமான சந்தோஷம்தான். 3 கோடிக்கு மேல் விற்றது. 2009-ல் அடுத்தது, நான்கு பேர் சேர்ந்து ஆடலாம் என்ற புதுமையாவது இருந்தது. 2012-ல் ஒரே வருடத்தில் இன்னும் இரண்டு. நான்கிலும் முதல் உலகம் புல்வெளி, இரண்டாவது பாலைவனம். இசையின் நடுவே எதிரிகள் துள்ளுவதுகூட அதே மாதிரி. ஒன்றுகூட மோசமான கேம் இல்லை, என்னைப் பொறுத்தவரை அதுதான் வருத்தமே. அவ்வளவு திறமையானவர்கள், அவ்வளவு சுத்தமான வேலை, ஆனால் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசையே அதில் தெரியவில்லை.

ஆகவே உங்களுக்குக் கிடைக்காமல் போன பரவசம் புல்வெளியிலோ பிக்சலிலோ இல்லை. அடுத்த திரையில் என்ன வரும் என்று ஊகிக்க முடியாத நிலையில்தான் அது இருந்தது.

கேள்வி: பழசை அப்படியே தருவதில் என்ன தப்பு? மெகா மேன் 9 எனக்கு மிகவும் பிடித்த கேம். எல்லாரும் எல்லா நேரமும் புரட்சி செய்துகொண்டே இருக்க வேண்டுமா?

தப்பில்லை. நானும் அதை ரசித்து ஆடியவன். ஆனால் அந்தக் கேம் எதையெல்லாம் பழசு என்று திரும்பக் கொண்டுவந்தது என்று கவனித்தீர்களா? 2008-ல் வெளிவந்த கேமில், பழைய நிண்டெண்டோ பெட்டியில் உருவங்கள் மினுக்கி மினுக்கித் தெரிந்த குறையைக்கூட வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வசதி வைத்தார்கள். அந்த மினுக்கல் ஒன்றும் கலை இல்லை. திரையின் ஒரு கிடைவரியில் எட்டு உருவத்துக்கு மேல் அந்தப் பெட்டியால் வரைய முடியாது, அதனால் மாற்றி மாற்றிக் காட்டியது, அவ்வளவுதான். அந்தப் பழைய கேம்களைச் செய்தவர்கள் வாய்ப்பு கிடைத்திருந்தால் அன்றைக்கே ஒழித்திருப்பார்கள். மூன்றாம் பாகத்தில் வந்த சறுக்கல், நான்காம் பாகத்தில் வந்த சக்தி ஏற்றிச் சுடுவது இரண்டையும் நாயகனிடமிருந்து ஒன்பதாம் பாகம் எடுத்தும்விட்டது. முன்னேற்றத்தைக் கழித்து, குறையைச் சேர்த்து, அதை மரியாதை என்று சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை.

அதே பழைய தோற்றத்தில் 2014-ல் வந்த ஷவல் நைட்டைப் பாருங்கள். பார்ப்பதற்கு எண்பதுகளின் கேம். ஆனால் அகலத் திரைக்கு வரைந்தது, மினுக்கல் கிடையாது, மூன்று உயிர் நான்கு உயிர் என்ற கணக்கும் கிடையாது. செத்தால் உங்கள் பணத்தில் கொஞ்சம் பைகளாகச் சிதறி அந்த இடத்திலேயே மிதக்கும், தைரியம் இருந்தால் போய் எடுத்துக்கொள்ளலாம். வழியில் உள்ள செக்பாயிண்டை, அதாவது செத்தால் மறுபடி தொடங்கும் இடத்தை, நீங்களே உடைத்தால் பணம் கிடைக்கும், ஆனால் செத்தால் பின்னால் இருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு கஷ்டம் வேண்டும் என்பதை ஆடுபவரே அந்த நொடியில் முடிவு செய்கிறார்! பழையதை நேசிப்பவர் அதன் மேல் ஒரு கருத்தும் வைத்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: இன்னும் ஏன் சில கேம்களில் உயிர் எண்ணிக்கை இருக்கிறது? அதனால் என்ன பயன்?

காசு போட்டு ஆடும் ஆர்கேட் காலத்து வழக்கம் அது. ஆட்டம் முடிந்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டில் ஆடும் கேமுக்கு அந்தக் காரணம் இல்லை. 2017-ல் சூப்பர் மாரியோ ஒடிஸி அதைத் தூக்கிவிட்டு, செத்தால் பத்து நாணயம் போகும் என்று வைத்தது. யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: சோனிக் ரசிகன் நான். 2017-ல் வந்த சோனிக் மேனியாவை எல்லாரும் கொண்டாடினார்கள். அதையும் சோம்பல் என்பீர்களா?

சோம்பல் என்று சொல்ல மாட்டேன், உழைப்பு ஒவ்வொரு திரையிலும் தெரிகிறது. ரசிகர்களாக இருந்து கேம் செய்யக் கற்றவர்கள் முக்கியப் பங்கு எடுத்துச் செய்தது அது, ஓட்டத்தின் பிடிமானம் அவர்கள் கைக்கு அவ்வளவு துல்லியமாக வந்திருந்தது. என் குறை வேறு. அதில் உள்ள 12 பகுதிகளில் 8 பழைய பகுதிகளின் புது வடிவம். அவர்களே புதிதாகக் கற்பனை செய்த ஸ்டூடியோபோலிஸை ஆடிப் பார்த்தால், இவர்களை முழுக் கேமுக்கும் இப்படி விட்டிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றும். அதே வருடம் வந்த சோனிக் ஃபோர்சஸிலும் முதல் சோனிக் கேமின் கிரீன் ஹில் பகுதி இருந்தது. 1991-ல் அந்தப் பச்சை மலை யாரும் பார்க்காத இடமாக இருந்தது என்பதை அதைத் திரும்பத் திரும்ப விற்பவர்கள் மறந்துவிட்டார்கள்.

கேள்வி: பெரிய கம்பெனியைக் கேளுங்கள், சரி. இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் சின்ன கேம்களிடம் போய் லட்சியம் கேட்பது அநியாயம் இல்லையா? பணத்துக்கு எங்கே போவார்கள்?

நல்ல கேள்வி, ஆனால் லட்சியத்தைப் பணத்தோடு சேர்த்துக் கட்டுவதை நான் ஏற்கவில்லை. 1982-ல் அட்டாரி கேம் பெட்டிக்கு வந்த பிட்ஃபால் கேமை டேவிட் கிரேன் 4 கிலோபைட்டுக்குள் எழுதினார். அதில் காடு 255 திரைகள் நீளம். அத்தனை திரைகளையும் சேமித்து வைக்க இடம் எங்கே இருக்கிறது? அதனால் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணை உருவாக்கும் சின்ன சூத்திரம் ஒன்றை எழுதி, அந்த எண்ணைப் பார்த்தே குழி எங்கே, கயிறு எங்கே, முதலை எங்கே என்று திரையை அந்தந்த நேரத்தில் வரைய வைத்தார். கையில் ஒன்றுமே இல்லாத நிலையில் வந்த யோசனை அது.

இப்போதைய உதாரணமும் இருக்கிறது. 2024-ல் வந்த அனிமல் வெல் ஒருவர் பல வருடம் உட்கார்ந்து உருவாக்கியது, அளவு 40 மெகாபைட்டுக்கும் குறைவு. பிக்சல்தான். ஆனால் அதில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வெளியே சொல்லாத இன்னொரு பயன் இருக்கிறது, சோப்புக் குமிழியை ஊதி அதன்மேல் ஏறி நிற்கலாம் என்று நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். கேம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு அடுக்கு திறக்கிறது.

2018-ல் வந்த செலஸ்டும் பிக்சல் கேம்தான். தாவல், காற்றில் ஒரு பாய்ச்சல், சுவரைப் பிடித்து ஏறுவது, இந்த மூன்றை வைத்தே மனப் பதற்றத்தோடு மலை ஏறும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லிவிட்டது. பாய்ச்சல் தீர்ந்துவிட்டது என்பதை அவள் தலைமுடியின் நிறம் மாறுவதிலேயே தெரிந்துகொள்ளலாம், கண் வேறெங்கும் போக வேண்டாம். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சில கணம் தாவ அனுமதிக்கிறது, அது உங்களுக்குத் தெரியாது, “நான் சரியாகத்தான் அழுத்தினேன்” என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். கஷ்டமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அடிபட்டாலும் சாகாமல் ஆடலாம். அதற்காக ஆடுபவரை இளக்காரமாகப் பார்ப்பதும் இல்லை. நூறு லெவல் சேர்ப்பதைவிட இதெல்லாம் பெரிய லட்சியம் என்பேன். வேண்டியது பணத்தைவிட பிடிவாதம்.

கேள்வி: யூகா-லேலீக்குப் பணம் கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். ஏமாற்றமாக இருந்தது. இனி இப்படிப்பட்ட முயற்சிகளை ஆதரிக்கலாமா?

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. தொண்ணூறுகளில் பான்ஜோ-கசூயி என்ற முப்பரிமாண கேமைச் செய்தவர்களில் சிலர் சேர்ந்து, 2015-ல் மக்களிடம் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, 2017-ல் தந்த கேம் அது. அந்தக் காலத்து முப்பரிமாண பிளாட்ஃபார்ம் கேமைத் திரும்பத் தருவோம் என்றார்கள், தந்தும்விட்டார்கள். சிக்கல் அங்கேதான் இருந்தது. இருபது வருடத்தில் கேமராவும் அசைவும் எவ்வளவோ மாறியிருக்க, அவர்கள் பழைய பரந்த வெற்று மைதானங்களையும் திணறும் கேமராவையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அதே குழு 2019-ல் இம்பாஸிபிள் லேர் என்று ஒன்று செய்தது. பக்கவாட்டில் ஓடும் சின்ன கேம், கடைசி லெவல் முதல் நிமிடத்திலேயே திறந்திருக்கும். போய் முட்டிப் பார்க்கலாம், அடி வாங்கி வெளியே வருவீர்கள். மற்ற லெவல்களில் மீட்கும் ஒவ்வொரு தேனீயும் அந்தக் கடைசி லெவலில் ஒரு அடியைத் தாங்கிக்கொள்ளும். வெளி வரைபடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே ஆடிய லெவலில் வெள்ளம் புகுந்து அது வேறு லெவலாகிவிடும். யாரும் கேட்காத ஒரு யோசனையை நம்பி இறங்கியதால் வந்த நல்ல கேம் இது. ஆதரிப்பதற்கு முன் “இன்ன பழைய கேம் மாதிரி” என்று மட்டும் சொல்பவர்களிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் சமீபத்தில் எவை உங்களை உண்மையிலேயே வியக்கவைத்தன? பெரிய கம்பெனிகளுடையதாகச் சொல்லுங்கள்.

2023-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர். பெயரில் பழசு, ஆனால் பெரும்பாலான லெவல்களில் ஒரு பூவைத் தொட்டதும் அந்த லெவலின் விதியே உடைந்துபோகிறது. குழாய்கள் புழுவாக நெளிந்து நகர்கின்றன, பார்வை மேலிருந்து கீழாக மாறுகிறது, நீங்களே எதிரியாகிவிடுகிறீர்கள். இந்த யோசனைகளில் பெரும்பாலானவற்றை ஒரு தடவை காட்டிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடித்தது. 2025-ல் வந்த டாங்கி காங் பனான்சாவில் தரை, சுவர், மலை என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் குத்தி உடைத்து உங்கள் வழியை நீங்களே தோண்டிக்கொள்ளலாம். லெவல் அமைப்பவருக்கு அதைவிடப் பயமான விஷயம் இல்லை, நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருவீர்கள் என்று அவருக்குத் தெரியாதே.

2024-ன் ஆஸ்ட்ரோ பாட் கொஞ்சம் சங்கடமான உதாரணம். பழைய பிளேஸ்டேஷன் கதாபாத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதே அதன் பெரிய கவர்ச்சி, அந்தப் பகுதி எனக்கு விளம்பரம் போலத்தான் பட்டது. ஆனால் எலி அளவுக்குச் சுருங்கி அதே லெவலுக்குள் இன்னொரு உலகத்தைப் பார்க்கும் இடத்தில் அந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது. அவர்களுக்கு அந்தப் பழைய முகங்களின் துணை தேவையே இல்லை.

கேள்வி: நானும் நண்பனும் சேர்ந்து ஒரு பிளாட்ஃபார்ம் கேம் செய்யத் தொடங்கியிருக்கிறோம். நாங்கள் வளர்ந்த கேம்களுக்கு அது ஒரு காணிக்கையாக இருக்க வேண்டும் என்கிறான் அவன். எனக்கு அரைமனது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் வரைவதை நிறுத்துங்கள், லோகோவையும் பாட்டையும் ஓரமாக வையுங்கள். ஒரு சாம்பல் நிறப் பெட்டி, கீழே ஒரு கோடு, அவ்வளவு போதும். அந்தப் பெட்டி தாவுவது கைக்கு நன்றாக இருக்கிறதா என்று வாரக்கணக்கில் பாருங்கள்: பட்டனை லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரியது, ஏறும்போது ஒரு வேகம், இறங்கும்போது இன்னொன்று. அது பிடிபட்டதும் அந்தத் தாவலால் வேறெந்தக் கேமிலும் செய்ய முடியாத ஒரு காரியத்தைக் கண்டுபிடியுங்கள், ஒன்றே ஒன்று போதும், அதைச் சுற்றி மூன்று லெவல் மட்டும் கட்டி, உங்கள் பழைய கேம்களை ஆடியே இராத ஒருவர் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே சிரிக்கிறார், எங்கே கண்ட்ரோலரைக் கீழே வைக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். காணிக்கை வேண்டுமா என்ற விவாதத்தை நண்பரோடு அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று லெவல் தயாரானதும் எழுதுங்கள், ஆடிப் பார்க்க எனக்கும் ஆசை.