கதவு நிலைக்கு மேலே ஒரு கொக்கி

கேள்வி: எனக்கு வயது 43. கல்லூரிக் காலத்திலிருந்து எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்து வருகிறேன். கையிலிருக்கும் கிட்டாரின் ஒலி மங்கிவிட்டது. ஆயுளுக்கும் போதும் என்று சொல்லக்கூடிய உயர்தரக் கிட்டார் ஒன்றை வாங்க இரண்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்திருக்கிறேன். கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், பி.ஆர்.எஸ். கஸ்டம் 24 ஆகிய மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. தோற்றத்துக்கு 40, கைக்கு இசைவதற்கு 30, ஒலிக்கு 30 என்று மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் மூன்றும் வந்து நிற்கின்றன. (பாதுகாப்பைப் பற்றிக் கவலையில்லை. மகள் அடிக்கடி கிட்டாரை எடுத்துவிடுகிறாள் என்பதால் அதை மாட்டும் கொக்கியைப் போன ஆண்டே கதவு நிலைக்கு மேலே மாற்றிவிட்டேன்.) எதை வாங்கலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: மூன்றில் எது என்று கேட்கும் கடிதம் எனக்கு மாதந்தோறும் வருகிறது. மாடல்களின் பெயர்கள் மாறும். மதிப்பெண் பட்டியல் மட்டும் தவறாமல் இருக்கும். மூன்றுமே அருமையான கிட்டார்கள், மனதுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடைப்புக்குறிக்குள் ஒரு கொக்கியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

மகள் அடிக்கடி கிட்டாரை எடுத்தாள். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஏணி போட்டு ஏறி, சுவரில் புதிதாகத் துளை போட்டு, அவள் கை எட்டாத உயரத்துக்கு அதை ஏற்றினீர்கள். கோபத்தில் ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் நான் பேசாமல் விட்டிருப்பேன். இது ஆற அமர, அளந்து பார்த்துச் செய்த வேலை. பிள்ளையை அரைமணி நேரம் பயிற்சிக்கு உட்கார வைக்க முடியவில்லை என்று புலம்பும் பெற்றோரின் கடிதங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை யாரும் சொல்லாமல் தானாக அந்தக் கருவியைத் தேடி வந்திருக்கிறாள். அதற்கு நீங்கள் தந்த பதில், துளைபோடும் இயந்திரம்.

கத்தி, அடுப்பு, மருந்து ஆகியவற்றைப் பிள்ளைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இசைக்கருவி அந்த வரிசையில் வராது. பெற்றவர்களின் கடமை என்று நான் உறுதியாக நம்புவதைச் சொல்லிவிடுகிறேன்: நமக்குத் தெரிந்த வித்தையைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். அவள் அதைப் பற்றிக்கொள்வதும் நாலு நாளில் விட்டுவிடுவதும் அவள் பாடு. எட்டாமல் வைக்கும் உரிமை நமக்குக் கிடையாது. லெஸ் பாலின் மேப்பிள் பலகையில் ஓடும் வரிகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு என்ன வயது என்று எங்கும் எழுதவில்லை.

உடைத்துவிடுவாளே என்று கேட்பீர்கள். நான் வாரத்தில் மூன்று நாள் கிட்டார் பழுதுபார்க்கும் மேசையில் உட்காருகிறேன். உடைந்து வருபவை என்னென்ன என்று எனக்குத் தெரியும். லெஸ் பாலின் தலைப்பகுதி 17 பாகை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு தொடங்கும் இடத்தில், டிரஸ் ராடுக்காக (கழுத்து வளையாமல் காக்கும் உலோகக் கம்பி) உள்ளே குடைந்திருப்பதால், மரம் மெலிந்திருக்கும். சுவரில் சாய்த்து வைத்த கிட்டார் சரிந்து விழுந்தால் முதலில் முறிவது அந்த இடம்தான். என் மேசைக்கு அப்படி முறிந்து வந்தவற்றில் பெரும்பாலானவற்றைச் சாய்த்து வைத்தவர்கள் பெரியவர்கள். சுவரில் சாய்க்காதே, தாங்கியில் வை, எடுக்கும்போது கழுத்தைப் பிடி, இன்னொரு கையை அடியில் கொடு என்று சொல்லித்தர ஒரு மாலைப் பொழுது போதும். கொக்கியை மாற்றவும் உங்களுக்கு அதே அளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

இனி உங்கள் மதிப்பெண் பட்டியலுக்கு வருகிறேன். தோற்றத்துக்கு 40 எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? தலைக்கு மேலே மாட்டிய கிட்டாரை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். கை படாது, காதுக்கும் எட்டாது, கண் ஒன்றுக்குத்தான் வேலை. ஓராண்டாக நீங்கள் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது அதைவிட அழகான படம் ஒன்று வேண்டியிருக்கிறது.

அழகை நான் குறைத்துப் பேசவில்லை. பார்த்தவுடன் கை நீளும்படி இருப்பது ஒரு கருவிக்குப் பெரிய குணம். கண் காதையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். லெஸ் பால் என்ற கலைஞர், தம் பெயரில் கிட்டார் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே, ஒரு சதுரப் பைன் கட்டையில் தந்தியும் பிக்கப்பும் (தந்தியின் அசைவை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) பொருத்தி வாசித்துக் காட்டினார். கேட்டவர்கள் சட்டை செய்யவில்லை. ஓர் எபிஃபோன் கிட்டாரை அறுத்து அதன் இரு பக்கங்களையும் கட்டையின் இருபுறம் ஒட்டிக்கொண்டு போனார். வரவேற்பு பலமாக இருந்தது. ஜனங்கள் கண்ணால் கேட்கிறார்கள் என்று பின்னாளில் அவரே இதைச் சொல்லி வந்தார். இன்னொன்றும் உண்டு. நீங்கள் உருகி உருகி எழுதியிருக்கும் அந்தச் செம்மஞ்சள் சன்பர்ஸ்ட் நிறம் 1958 முதல் 1960 வரை வந்த லெஸ் பால்களுடையது. அன்றைக்கு அவை சரியாக விற்கவில்லை. 1961-இல் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டு மெல்லிய உடம்புள்ள வேறொன்றுக்குப் போனது. இன்று சேகரிப்பவர்கள் தவம் கிடப்பது அதே மூன்று ஆண்டுக் கிட்டார்களுக்காக. மரம் அப்படியே இருக்கிறது. பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது. மேப்பிளின் வரிகள் நார்கள் அலையலையாக வளர்ந்ததால் உண்டாகும் ஒளி விளையாட்டு. பிக்கப்பில் இருக்கும் காந்தத்துக்கு உருக்குத் தந்தியின் அசைவுதான் தெரியும்.

கைக்கு இசைவதற்கு 30 கொடுத்தது எனக்கு ஏற்பில்லை. அதுதான் முதலில் நிற்க வேண்டும், பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்கு ஒத்துவராத கிட்டாரை இரண்டாம் மாதமே கை தேடாமல் விட்டுவிடும். அப்புறம் அதன் ஒலி எப்படி இருந்தால் என்ன? கடையில் எடுத்துப் பார்க்கும்போது மாற்றக்கூடியதையும் மாற்ற முடியாததையும் பிரித்துப் பாருங்கள். தந்தி விரலுக்கு உயரமாக இருக்கிறது, ஏதோ ஒரு ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கரகரக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் சீராக்கும் வேலையில் சரியாகிவிடும். இதைக் காரணமாகச் சொல்லி நல்ல கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழுத்தின் பருமன், எடை, தந்தியின் நீளம் ஆகியவை பிறவிக் குணங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தி நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75, பி.ஆர்.எஸ். இரண்டுக்கும் நடுவே 25. முக்கால் அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். அதே பருமனுள்ள தந்தியை அதே சுருதிக்குச் சேர்த்தால் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடுதலாக இருக்கும். ஃபிரெட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் அகலும். தந்தியை வளைத்து வாசிக்கும் விரலுக்கு இது உடனே தெரியும். சிறிய கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எடையில் கதை தலைகீழ். லெஸ் பால் 4 கிலோவுக்கு மேல் இருப்பது சாதாரணம், ஸ்ட்ராட்டோகாஸ்டர் பெரும்பாலும் அதற்குக் கீழே நிற்கும். நின்றுகொண்டு, தோளில் வாரை மாட்டி, இருபது நிமிடம் வாசித்துப் பாருங்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்தால் தோள் எதையும் சொல்லாது.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் காணொளிகளைக் கேட்டே மதிப்பெண் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 30 மதிப்பெண்ணை அடித்துவிடுங்கள். மூன்றையும் ஒரே ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்), ஒரே அமைப்பில், ஒரே அளவு சத்தத்தில் கேட்க வேண்டும். சத்தம் ஒரு துளி கூடினால்கூட நல்ல ஒலி என்று காது ஏமாந்துவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் மணிபோன்ற தெளிவு உண்டு. கூடவே மின்கம்பியின் இரைச்சலும் உள்ளே வரும். கிப்சனில் வேலை பார்த்த செத் லவர் 1955-இல் காப்புரிமை கேட்ட ஹம்பக்கர் என்ற பிக்கப்பில் இரண்டு சுருள்கள் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் எதிர்த்திசையில் இருப்பதால் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஒலி தடித்து, மேல் ஸ்வரங்களின் கூர்மை சற்றுக் குறையும். இவற்றில் எது மேல் என்பதற்குப் பொதுவான விடை இல்லை. நீங்கள் எந்தப் பாட்டை வாசிக்கிறீர்கள் என்று சொன்னால் நானும் ஏதாவது சொல்லலாம். கடிதத்தில் ஒரு பாட்டின் பெயர்கூட இல்லை.

கையிலிருக்கும் கிட்டாரின் ஒலி மங்கிவிட்டது என்கிறீர்கள். கடைசியாகத் தந்தி மாற்றியது எப்போது? ஏணி போட்டு இறக்க வேண்டிய கிட்டாருக்கு யாரும் தந்தி மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதை இன்று இறக்கிப் பாருங்கள். தந்திகளின் மேல் தூசி படிந்திருக்கும். முதல் தந்தியின் அடியில் விரலை ஓட்டினால் துருவின் சொரசொரப்பு தட்டுப்படும். வாசிக்கிற கிட்டாரின் ஃபிரெட்டுகள் விரல் பட்டுப் பட்டுப் பளபளக்கும். கற்றுக்கொள்கிற குழந்தையின் கிட்டாராக இருந்தால் முதல் மூன்று ஃபிரெட்டுகளில், மெல்லிய தந்திகளுக்கு நேர் அடியில், நகத்தால் கீறியதுபோலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். அந்தப் பள்ளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். உங்கள் கிட்டாரின் ஃபிரெட்டுகள் மங்கிப்போய், தந்தியை வளைத்தால் மணலில் இழுப்பதுபோல இருக்கும் என்று நினைக்கிறேன். மங்கியது பிக்கப் என்று எழுதியிருக்கிறீர்கள். பிக்கப்பில் தேய்வதற்கு எதுவும் இல்லை.

குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே இன்றும் கையில் வைத்திருக்கும் கிட்டாரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1963-இல் தொடங்கி, பதின்ம வயதில், தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தது. தந்தை ஹரால்ட் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மரம். ஃபிரெட் பலகையில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அதிர்வுக் கைப்பிடிக்கான சுருள்வில்கள் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்தவை. செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. நீங்களும் இரண்டு ஆண்டுகள் செலவிட்டிருக்கிறீர்கள், பணம் சேர்க்க. அந்தத் தந்தை செலவிட்டது மாலைப் பொழுதுகளை, அதுவும் மகன் பக்கத்தில் நின்று கை நீட்டக்கூடிய ஒரு மேசையில்.

ஆகவே ஆறு மாதத்துக்கு எதையும் வாங்காதீர்கள். சேர்த்த பணம் எங்கும் போய்விடாது. 9-இல் (முதல் தந்தியின் பருமன் 0.009 அங்குலம்) தொடங்கும் மெல்லிய தந்திகள் ஒரு செட் வாங்கி வாருங்கள். பழகாத விரல் நுனிக்கு வலி குறையும். பழைய தந்திகளைக் கழற்றும்போது மகளையும் உட்கார வையுங்கள். சுருதி சேர்க்கும் முறுக்காணிகளை அவள் திருகட்டும். தந்திகள் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் ஃபிரெட் பலகையை உலர்ந்த துணியால் அவளே துடைக்கட்டும். சுருதி சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள், தப்பாகச் சேர்த்தால் சும்மா இருங்கள், காது பிடிபடும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகும் புதிய கிட்டார் வேண்டும் என்றால் மூன்றையும் பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மடியில் வைத்து முதல் கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) அவள் பிடிக்கும்போது எந்தக் கழுத்தில் அவள் மணிக்கட்டு வளையாமல் நிற்கிறது என்று கவனியுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை அந்தக் கழுத்துதான், உங்கள் கையும் அதை ஒப்புக்கொண்டால். உங்கள் கையும் அவள் கையும் ஒத்துப்போகவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் வாங்குங்கள், பழையதை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள், அதன் மேல் அதற்குப் பிறகு விழும் கீறல்களையும் சேர்த்து.

கொக்கி முன்பு இருந்த இடத்தில் பழைய துளை இன்னும் அடைபடாமல் இருக்கும். இன்றைக்கே அதை அங்கே மாட்டுங்கள்.