மாடல் போட்டோஷூட்டுக்கு நெயில் டிசைன்: கேள்வி பதில்

கேள்வி: முதல் முறையாக ஒரு ஷூட்டுக்கு நெயில்ஸ் செய்யப் போகிறேன். பத்து விரலிலும் பொடிப் பூக்கள் வரையலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா அக்கா?

டிசைனை முடிவு செய்யும் முன் போட்டோகிராஃபரிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்த ஃபிரேம் எடுக்கப் போகிறார், ஒவ்வொன்றிலும் கை எவ்வளவு பெரிதாகத் தெரியும்? நிறம், வடிவம், வரைவேலை மூன்றும் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அமையும்.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 24 மெகாபிக்சல் கேமராவை நிமிர்த்தி வைத்து எடுத்தால் உயரத்தில் 6000 பிக்சல் இருக்கும். மாடல் தலை முதல் கால் வரை தெரியும் படத்தில் ஃபிரேமின் உயரம் சுமார் 2 மீட்டர். அப்படியென்றால் 1 செ.மீ.க்கு 30 பிக்சல். நீங்கள் வரையும் 1 மி.மீ. கோட்டுக்குக் கிடைப்பது 3 பிக்சல்தான். அதே படத்தை 1350 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி ஆன்லைனில் போட்டால் ஒரு முழு நகமே 7 பிக்சலுக்குள் அடங்கிவிடும். பூ போன இடம் தெரியாது. தள்ளி நின்று பார்த்தால் அழுக்குப் புள்ளி மாதிரி இருக்கும்.

முகத்தோடு கை சேர்ந்து வரும் படத்தில் ஃபிரேம் உயரம் 60 செ.மீ. அளவில் இருக்கும். சுருக்கிய பிறகும் 1 மி.மீ. கோடு 2 பிக்சல் வரும். பிரெஞ்ச் டிப் (நுனி மட்டும் வெள்ளை), ஒற்றைக் கோடு, பாதிப் பாதியாக இரண்டு நிறம் எல்லாம் இங்கே எடுபடும். கை மட்டும் வரும் 20 செ.மீ. ஃபிரேமில்தான் பொடிப் பூவுக்கு உயிர் வரும்.

முழு உருவப் படம் என்றால் ஒரே நிறம், தெளிவான வடிவம் போதும். மூன்று வகை ஃபிரேமும் உண்டு என்றால் பூவேலையை மோதிர விரலில் மட்டும் வைத்து, மற்ற விரல்களுக்கு அந்தப் பூவிலிருந்தே ஒரு நிறத்தை எடுத்துப் பூசுங்கள். டெஸ்ட் செய்வதும் சுலபம். ஒரு டிப்பில் (செயற்கை நகம்) டிசைனை வரைந்து, எடுக்கப் போகும் தூரத்தில் வைத்துப் படமெடுத்து, போன் திரையில் பெரிதாக்காமல் பாருங்கள்.

கேள்வி: நியூட் கலர்தான் (தோல் நிறம்) வேண்டும் என்கிறார்கள். ஆனால் படத்தில் விரல்களுக்கு நகமே இல்லாத மாதிரி தெரிகிறது.

நகத்தை ஒட்டிய தோலின் நிறத்தோடு பாலிஷ் அப்படியே கலந்துவிட்டது. உள்ளங்கையையோ முகத்தையோ வைத்து ஷேடு பார்க்காதீர்கள். நகக்கண் பக்கத்துத் தோலை வைத்துப் பாருங்கள். அந்தத் தோலை விட ஒரு படி அடர்த்தியாகவோ ஒரு படி வெளிறியோ போனால் நகம் தனியாகத் தெரியும். பளபளக்கும் டாப் கோட்டும் கட்டாயம் வேண்டும். நியூட் நகத்தின் விளிம்பைக் காட்டிக் கொடுப்பதே அந்த ஒளிக்கோடுதான். மேட் ஃபினிஷில் நியூட் போட்டால் களிமண் மாதிரி இருக்கும்.

கேள்வி: மாடலுக்கு நகம் கடிக்கும் பழக்கம். ஷூட்டுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. பிரஸ்-ஆன் (அழுத்தி ஒட்டும் செயற்கை நகம்) ஒட்டினால் குளோஸப்பில் தெரியுமா?

அளவு சரியாக இருந்தால் தெரியாது. பத்து நகத்துக்கும் தனித்தனியாக அளவு பாருங்கள். இரண்டு கைக்கும் ஒரே அளவு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுத்துப் பக்கங்களை அரத்தால் தேயுங்கள். சிறியதை ஒட்டினால் ஓரத்தில் சொந்த நகம் எட்டிப் பார்க்கும். மேக்ரோவில் (மிக நெருங்கி எடுக்கும் படம்) முதலில் கண்ணில் படுவது அதுதான்.

கையைக் கழுவித் துடைத்து, க்யூட்டிகிளை (நகத்தின் அடியை ஒட்டிய மெல்லிய தோல்) மெதுவாகப் பின்தள்ளி, நகத்தை லேசாக பஃப் செய்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். டிப் ஒட்டும் முன் எண்ணெயோ கிரீமோ தொடவே கூடாது. ஒரு நாள் ஷூட்டுக்கு ஒட்டும் ஜெல்லி டேப் போதும். டிப்பை க்யூட்டிகிள் பக்கம் 45 டிகிரி சாய்வாக வைத்து, நுனி நோக்கிப் படியவிட்டு, 30 விநாடி அழுத்துங்கள். நேராக மேலிருந்து வைத்தால் காற்று மாட்டிக்கொள்ளும். வெளிர் நிற டிப்பில் அது வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதனால் கடித்த நகத்துக்குக் கண்ணாடி மாதிரியான டிப் வேண்டாம், அடர் நிறமே நல்லது.

கழற்றும்போது பிய்க்காதீர்கள், நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து உரியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் ஊறினால் தானாக நெகிழும்.

கேள்வி: சாதாரண பாலிஷில் குமிழி குமிழியாக வருகிறது. வரைந்த கோடும் டாப் கோட் போட்டதும் இழுபட்டுப் போகிறது.

குமிழிக்குக் காரணம் பெரும்பாலும் தடிமனான பூச்சுதான். மேல்பகுதி முதலில் காய்ந்துவிட, உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் குமிழியாகிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பூசினாலும் இதேதான். பாட்டிலைக் குலுக்கினால் காற்று உள்ளே போகும், உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். இரண்டு தடித்த கோட்டுக்குப் பதில் மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் இடையே 3 நிமிடம்.

கோடு இழுபடுவது, டாப் கோட்டில் உள்ள கரைப்பான் ஈர பாலிஷைக் கரைப்பதால். வரைவேலைக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் பயன்படுத்துங்கள். தவறினால் ஈரத் தூரிகையால் துடைக்கலாம், காய்ந்த பிறகு டாப் கோட் அதைக் கலைக்காது. 10 நிமிடம் காயவிட்டு, டாப் கோட்டை ஒரு பெரிய சொட்டாக எடுத்து, தூரிகை முடி நகத்தில் படாமல் சொட்டு மட்டும் நகருமாறு ஓட்டுங்கள்.

ஜெல் என்றால், அதை இறுக்கும் விளக்கிலிருந்து எடுத்தவுடன், மேலே மிஞ்சும் பிசுபிசுப்பைச் சூட்டோடு துடைக்க வேண்டாம், பளபளப்பு மங்கிவிடும். சில விநாடி ஆறவிடுங்கள்.

கேள்வி: சாஃப்ட்பாக்ஸ் (லைட்டை மென்மையாகப் பரப்பும் துணிப்பெட்டி) வைத்தால் ஒவ்வொரு நகத்திலும் வெள்ளைச் சதுரம் தெரிகிறது. ஹோலோகிராஃபிக் பாலிஷோ வானவில்லே இல்லாமல் சாம்பல் நிறமாக வருகிறது. லைட்டை எப்படி வைப்பது?

இரண்டுக்கும் ஒரே லைட் சரிப்படாது.

பளபளப்பான நகம் ஒரு சின்ன வளைந்த கண்ணாடி. நீங்கள் பார்ப்பது வெளிச்சம் அல்ல, லைட்டின் பிம்பம். லைட் எந்த உருவமோ அந்த உருவம்தான் நகத்தில் விழும். சதுர சாஃப்ட்பாக்ஸ் சதுரமாகவும், ரிங் லைட் வளையமாகவும் தெரியும். குறுகலான நீள சாஃப்ட்பாக்ஸை விரல் நீளும் திசையிலேயே பக்கவாட்டில் வையுங்கள். நகத்தின் ஓரமாக, மேலிருந்து நுனி வரை மெல்லிய ஒரு ஒளிக்கோடு ஓடும். கோடு நடுவில் விழுந்தால் டிசைனை மறைக்கும். விரலைக் கொஞ்சம் திருப்பினாலே ஓரத்துக்கு நகர்ந்துவிடும். நீள சாஃப்ட்பாக்ஸ் இல்லையா? லைட்டுக்கும் கைக்கும் நடுவே ஒரு பெரிய டிரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டு, லைட்டை அதிலிருந்து 40 செ.மீ. பின்னால் வையுங்கள். பேப்பரின் நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கலாகவும் இருப்பதால் பிம்பத்தின் விளிம்பு வெட்டுக் கோடாக இல்லாமல் கரைந்து போகும்.

ஹோலோகிராஃபிக் இதற்கு நேர் எதிர். அதிலுள்ள துகள்களின் நுண்வரிகள் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கின்றன. ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து வந்தால் நிறங்கள் தனித்தனியாக நிற்கும். பெரிய சாஃப்ட்பாக்ஸின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு வானவில் வந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எல்லாம் கலந்து சாம்பலாகிவிடும். உறை எதுவும் இல்லாத சிறிய ஃபிளாஷ் ஒன்றை 1.5 முதல் 2 மீட்டர் தள்ளி வையுங்கள். தோல் கடுமையாகத் தெரியாமல் இருக்க, சாஃப்ட்பாக்ஸை அதை விட இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்துத் துணைக்கு மட்டும் விடுங்கள். கிளிட்டருக்கும் இதே வழி.

குரோம் நகம் அறையையே காட்டும்: கேமரா, உடையின் நிறம், ஜன்னல் எல்லாம். இரு பக்கமும் வெள்ளை அட்டை வைத்து மூடுங்கள். ஆனால் முழுக்க வெள்ளை வைத்தால் உலோகம் என்றே தெரியாது. ஒரு பக்க அட்டையில் 2, 3 செ.மீ. அகலத்தில் கறுப்புப் பட்டை ஒட்டுங்கள். அந்தக் கருங்கோடு விழுந்ததும்தான் குரோம் குரோமாகத் தெரியும்.

கேள்வி: லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும்) ஃபில்டர் போட்டால் இந்தத் தொல்லை தீராதா?

ஜெல் டாப் கோட்டின் மினுக்கத்தை அது குறைக்கும். முழுக்க எடுத்துவிட்டால் நகம் செத்துப்போன மாதிரி இருக்கும், பாதி வரை மட்டும் திருப்புங்கள். 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சம் போகும். உலோகப் பரப்பில் அது வேலை செய்யாது.

கேள்வி: நடுவிரல் கூர்மையாக இருக்கிறது, கட்டைவிரல் மங்கல். 100 மி.மீ. மேக்ரோ, எஃப் 2.8.

எஃப் 2.8தான் காரணம். எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸின் திறப்பு அகலம், கூர்மையாக வரும் ஆழம் குறைவு. ஃபுல்ஃபிரேம் கேமராவில் ஃபிரேமின் நீளப் பக்கம் 24 செ.மீ. இருக்கும் தூரத்தில், எஃப் 2.8-ல் கூர்மையாக வரும் ஆழம் சுமார் 9 மி.மீ. எஃப் 11-க்குப் போனால் 3 செ.மீ.யைத் தாண்டும். இன்னும் நெருங்கி 12 செ.மீ. ஃபிரேமுக்கு வந்தால் எஃப் 11-லும் 1 செ.மீ.தான். அப்போது நகங்கள் எல்லாம் கேமராவுக்கு ஒரே தூரத்தில் வருமாறு விரல்களை மடக்கிச் சரிசெய்யுங்கள். எஃப் 16-க்கு மேல் போனால் டிஃப்ராக்ஷனால் (சிறிய திறப்பில் ஒளி வளைந்து பரவுவது) படம் முழுக்கவே மென்மையாகிவிடும். ஐஎஸ்ஓ 100, ஃபிளாஷ் என்றால் ஷட்டர் 1/160.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான்.

போர்ட்ரெய்ட் மோடை அணையுங்கள், நீண்ட நக நுனிகளைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கும். கிட்டே போகாமல், தள்ளி நின்று 2 அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். கிட்டே போனால் சில போன்கள் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும், முன்னால் இருக்கும் விரல் வீங்கித் தெரியும். நகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

கேள்வி: சிவப்பு பாலிஷ் ஒரே திட்டாக, ஆழமே இல்லாமல் வருகிறது. நியான் பிங்க் வேறு நிறமாகிறது.

பிரகாச ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சரியாக இருக்கும்போதே சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து, ரா ஃபைலில் (கேமரா பதிந்த முழுத் தகவலும் இருக்கும் கோப்பு) எடுங்கள். முதல் ஃபிரேமில் கையோடு கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சத்தையும் அறை விளக்கையும் கலக்காதீர்கள்.

நியான் வேறு கதை. அது ஒளிர்வதால் கண் பார்க்கும் நிறத்தில் ஒரு பகுதி எஸ்ஆர்ஜிபி என்ற திரை நிற வரம்புக்குள் அடங்காது. அதே நிறம் வேண்டும் என்று கேட்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னணியையும் உடையையும் அடர்த்தியாக வைத்தால், படத்தில் இருக்கும் பிங்க்கே பளிச்சென்று எழும்பும்.

கேள்வி: கை நரம்பு புடைத்துத் தெரிகிறது. முகத்தருகே கை வைத்தால் கை பெரிதாகவும் இருக்கிறது.

கையை ஒரு நிமிடம் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், ரத்தம் இறங்கி நரம்பு அடங்கும். கீழே கொண்டுவந்த உடனே எடுத்துவிட வேண்டும். புறங்கையை நேராகக் காட்டாமல் சுண்டுவிரல் பக்க ஓரத்தைக் காட்டினால் கையும் மெலிந்து தெரியும். எதையாவது பிடிக்கும் போஸ் என்றால், பூவைப் பிடிப்பதுபோலத் தொட்டும் தொடாமலும் பிடிக்கட்டும். அழுத்தினால் விரல்நுனி வெளுத்து, வெளிர் பாலிஷுக்கு அடியில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

கை பெரிதாவது தூரத்தால். கேமரா முகத்திலிருந்து 1 மீட்டரில் இருந்து, கை 25 செ.மீ. முன்னால் வந்தால், முகத்தின் அளவோடு ஒப்பிடக் கை 1.33 மடங்கு பெரிதாகும். 2 மீட்டர் தள்ளி 85 மி.மீ. லென்ஸில் எடுத்தால் அது 1.14 ஆகக் குறையும். கையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்தால் அதுவும் இருக்காது.

கேள்வி: க்யூட்டிகிள் ஆயில் எப்போது? ஸ்பாட்டுக்கு என்ன எடுத்துப் போவது?

பாலிஷ் முழுக்கக் காய்ந்த பிறகு, ஷூட்டுக்கு 20 நிமிடம் முன் ஒரு சொட்டு தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மேட் நகத்தில் ஆயில் படக் கூடாது, பட்ட இடம் மின்னும்.

பையில் பூசிய அதே பாட்டில், டாப் கோட், பூஜ்ஜிய அளவுத் தூரிகை, அசிட்டோன், நக அரம், நெயில் க்ளூ, காற்றூதும் புளோயர், ஒவ்வொரு அளவிலும் ஒரு உபரி டிப். துடைக்கப் பஞ்சு வேண்டாம், அதன் நார் நகத்தில் ஒட்டி மேக்ரோவில் கயிறு மாதிரி தெரியும். நார் உதிராத துடைப்புத் துணியே எடுங்கள். நுனி உடைந்தால் அந்த விரலை மட்டும் திருத்தி, அடுத்த ஷாட்டுக்கு முன் பத்து நகத்தையும் கேமரா திரையில் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.