“இந்த வயசுலயா?” – வாசகர் கேள்வி பதில்

நாப்பதைத் தாண்டினப்புறம் புதுசா ஏதாவது கத்துக்கறவங்க, கத்துக்க ஆசைப்படறவங்க எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். நிறைய கடிதம் வந்திருக்கு. முக்கால்வாசி கடிதத்துல ஒரே பயம்தான், எனக்கு வயசாயிடுச்சோன்னு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டோம்.

எனக்கு 54 வயசு. ஆறு மாசமா கீபோர்டு கிளாஸ் போறேன். என்கூட சேர்ந்த பத்து வயசுப் பையன் எங்கயோ போயிட்டான், எனக்கு இன்னும் ரெண்டு கையும் சேர்ந்து ஓட மாட்டேங்குது. வாத்தியார் ஒண்ணும் சொல்றதில்ல, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு. மூளை அவ்ளோதானா சார்?

அவ்ளோதான் எல்லாம் இல்லீங்க. வேகம் குறையும், அதை உங்ககிட்ட மறைக்கப் போறதில்ல. கண்ணு பார்த்ததும் கை அசையற வேகம் இருபதுகள்லயே மெதுவா இறங்க ஆரம்பிச்சுடுது. ஆனா சொல்வளம் மாதிரி சில திறமைகள் ஐம்பதைத் தாண்டியும் ஏறிட்டே போகும், இதை ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன்ங்கற ரெண்டு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பேரை சோதிச்சுப் பார்த்து 2015-ல வெளியிட்டாங்க. எல்லாத் திறமையும் ஒண்ணா உச்சத்துல இருக்கற வயசுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்கறதுதான் அதுல எனக்குப் பிடிச்ச விஷயம்.

இன்னொண்ணும் சொல்றேன். ஜெர்மனியில சராசரி 60 வயசு உள்ளவங்களுக்கு மூணு பந்தை மாத்தி மாத்தித் தூக்கிப் போட்டுப் பிடிக்கக் கத்துக்குடுத்து, முன்னாடியும் பின்னாடியும் மூளையை ஸ்கேன் எடுத்தாங்க, 2008-ல அந்த முடிவு வந்தது. இருபது வயசுக்காரங்க அளவுக்கு இவங்களுக்குக் கை வரல. ஆனா கத்துக்கிட்டவங்க மூளையில, நகர்ற பொருளைக் கவனிக்கற பகுதி பெருசாகியிருந்தது. பயிற்சியை விட்டதும் அது திரும்ப சுருங்கிடுச்சு. அதாவது 60 வயசு மூளையும் பழக்கத்துக்கு ஏத்த மாதிரி மாறுது, பழக்கத்தை விட்டா அதுவும் விட்டுடுது.

சரி, நீங்க எப்படி பிராக்டிஸ் பண்றீங்கன்னு எழுதவே இல்லையே. வேலைக்குப் போறவங்க பெரும்பாலும் வாரம் பூரா தொடாம ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் உக்காருவாங்க, அந்தப் பையன் தினமும் தொட்டிருப்பான், வித்தியாசத்துல பாதி அங்கயே இருக்கு. தினம் இருபது நிமிஷம் போதும். நடுவுல வர்ற தூக்கத்துலதான் மூளை அன்னைக்குப் பழகினதை இறுக்கி வைக்குது, அதனால ஒரே நாள்ல ரெண்டு மணி நேரம் உக்காந்தா உங்களுக்குக் கிடைக்கறது ஒரு தூக்கம், தினமும் உக்காந்தா ஏழு. வலது கை தனியா, இடது கை தனியா, அப்புறம் ரெண்டும் சேர்த்து நாலே நாலு சுரம், எரிச்சல் வர்ற அளவுக்கு மெதுவா வாசிங்க. தப்பு வர்ற வேகத்துல வாசிச்சா கை அந்தத் தப்பையே பழகிக்கும்.

கண்ணாடி போடறீங்களா? இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. படிக்கற கண்ணாடி, கையில புத்தகம் பிடிக்கற தூரத்துக்குக் கொடுக்கறது. நோட்டேஷன் ஸ்டாண்டு அதைவிடத் தள்ளி இருக்கும். பைஃபோக்கல்னா கீழ்ப்பாதி வழியா பார்க்க தலையைத் தூக்கிட்டே இருக்கணும், கழுத்து வலிக்கும், எழுத்து மங்கலாத் தெரியும், நாம மூளை மேல பழி போட்டுடுவோம். உக்கார்ற இடத்துலேருந்து ஸ்டாண்டு வரைக்கும் டேப் வச்சு அளந்து கண் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

வயசு 61. மருமகன் பிரெஞ்சுக்காரர், பேரன் அந்த மொழியிலதான் பேசறான். எப்படியாவது கத்துக்கணும்னு காலையில இருபது வார்த்தை மனப்பாடம் பண்றேன், சாயங்காலம் ரெண்டுதான் நிக்குது. அழுகையா வருது.

அழாதீங்கம்மா. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி தன் மறதியைத் தானே அளந்து 1885-ல புத்தகமா போட்டார். முதல் சில மணி நேரத்துலதான் மறதி சரசரன்னு இறங்கும், அப்புறம் மெதுவாகும்னு கண்டுபிடிச்சார். அந்த சோதனையைப் பண்ணப்போ அவருக்கு முப்பதை ஒட்டின வயசு. ஆக, உங்களுக்கு நடக்கறது முப்பது வயசு ஆளுக்கும் நடக்கறதுதான்.

மாத்த வேண்டியது படிக்கற விதத்தை. திரும்பத் திரும்ப வாசிச்சா தெரிஞ்ச மாதிரி இருக்கும், அது ஏமாத்தும். ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு பேர் 2006-ல மாணவர்களை வச்சு பார்த்தாங்க: ஒரு பத்தியை மறுபடி மறுபடி வாசிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல ஜெயிச்சாங்க, புத்தகத்தை மூடிட்டு ஞாபகத்துலேருந்து எழுதிப் பார்த்தவங்க ஒரு வாரம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல ஜெயிச்சாங்க. உங்களுக்கு வேணுங்கறது அந்த ஒரு வாரக் கணக்குதானே. அதனால இருபது வேண்டாம், ஏழெட்டு எடுங்க, மூடி வச்சுட்டு யோசிச்சு சொல்லிப் பாருங்க, சாயங்காலம் ஒருதடவை, மறுநாள், அப்புறம் மூணு நாள், ஒரு வாரம் கழிச்சுன்னு இடைவெளியை நீட்டிட்டே போங்க. வார்த்தையா எடுக்காம பேரன்கிட்ட நிஜமா கேக்கப் போற வாக்கியமா எடுங்க, “பசிக்குதா?”, “யாரு அடிச்சா?”, “பாட்டிகிட்ட வா”, இதெல்லாம் அன்னைக்கே உபயோகமாகும். வீடியோ கால்ல அவனையே திருத்தச் சொல்லுங்க, குழந்தைங்களுக்கு பெரியவங்களைத் திருத்தறதுல அவ்ளோ சந்தோஷம்.

அறுபதுக்கு மேல மெல்லிய, கீச்சு ஓசைகள் காதுல சரியா விழாது, ஸ, ஃப எல்லாம் ஒண்ணு போல கேக்கும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, முடிஞ்சா காதையும் ஒருதடவை டெஸ்ட் பண்ணிக்கோங்க. அப்புறம், சின்ன வயசுலேருந்து பேசறவங்களோட இலக்கண சுத்தம் வரணும்னா பத்து வயசுக்குள்ள ஆரம்பிக்கணும்னு ஒரு ஆய்வு 2018-ல வந்தது, கிட்டத்தட்ட 6.7 லட்சம் பேரை ஆன்லைன்ல சோதிச்சது. அதைப் படிச்சுட்டு மனசு விட்டுடாதீங்க. அது அளந்தது பிசிறே இல்லாத இலக்கணத்தை. பேரனைக் கொஞ்சறதுக்கு அது எதுக்கு?

அப்பாவுக்கு 76. ஸ்மார்ட்ஃபோன் கத்துக்குடுக்கறேன். சொன்னதையே பத்து தடவை கேக்கறார், நான் கத்திடறேன், அப்புறம் குற்ற உணர்ச்சியா இருக்கு. என்ன பண்றது?

ஒரே ஒரு வேண்டுகோள்: அப்பா கையிலேருந்து ஃபோனை வாங்காதீங்க. “குடுங்கப்பா, நான் பண்ணித் தர்றேன்”னு நாலு தட்டு தட்டி முடிச்சுடறோம்ல, அதுல அவர் கத்துக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இது தன்னால ஆகாதுன்னு. அவர் விரல்தான் திரையைத் தொடணும், உங்க கை பின்னாடியே இருக்கட்டும், பத்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும்.

பல நேரம் சிக்கல் ஞாபகத்துல இல்ல, விரல்ல இருக்கு. வயசானா விரல் நுனி வறண்டு போகும், திரை தொடுதலை சரியா வாங்காது, அதனால அவர் அழுத்திப் பிடிப்பார், ஃபோன் அதை லாங் பிரஸ்னு எடுத்துக்கிட்டு வேற ஏதோ மெனுவைத் திறக்கும், அவர் மிரண்டு போவார். செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டின்னு இருக்கும், அங்க போய் எவ்வளவு நேரம் தொட்டா லாங் பிரஸ்னு எடுத்துக்கணும்ங்கறதைக் கூட்டி வைங்க, எழுத்தையும் பெருசாக்குங்க. ஹோம் ஸ்கிரீன்ல அஞ்சாறு ஐகான் மட்டும் விடுங்க, அதோட இடத்தை அப்புறம் மாத்தவே மாத்தாதீங்க.

ஒரு நாளைக்கு ஒரே வேலை. படிப்படியா அவரே தன் கையெழுத்துல நோட்டுல எழுதட்டும், நீங்க எழுதிக் குடுக்க வேண்டாம், அவர் பச்சைக் கலர் பட்டன்னு எழுதினா அது பச்சைக் கலர் பட்டன்தான், அதுக்குப் பேர் என்னவா இருந்தா என்ன. பேங்க் ஆப் எல்லாம் கடைசியில வச்சுக்கலாம். ஓடிபி கேட்டு யார் ஃபோன் பண்ணாலும் சொல்லக் கூடாதுங்கறதை மட்டும் முதல் நாளே எழுத வச்சுடுங்க. பத்தாவது தடவை கேக்கறார்னா அவர் இன்னும் விடலன்னு அர்த்தம், அதைப் பாருங்க. ஆனா ஃபோன் மட்டுமில்லாம பழகின வழி, பழகின வேலையும் மறக்க ஆரம்பிச்சிருந்தா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

47 வயசு. நீச்சல் கத்துக்க சின்ன வயசுலேருந்து ஆசை, தண்ணின்னா பயம். அந்த டிரஸ், அங்க முழுக்க குழந்தைங்க, வீட்டுல “இப்ப எதுக்கு உனக்கு இது”ன்னு சிரிக்கறாங்க.

சிரிக்கறவங்ககிட்ட அனுமதி கேக்காதீங்க, தகவலா சொல்லுங்க: திங்கள்லேருந்து காலையில ஒரு மணி நேரம் இருக்க மாட்டேன். அவ்ளோதான். டிரஸ்ஸுக்கு, கையும் காலும் முழுசா மூடற நீச்சல் உடை கிடைக்குது. பெண்களுக்குத் தனி நேரம், பெரியவங்களுக்குத் தனி பேட்ச் இருக்கான்னு கேளுங்க, பயம் இருக்குன்னு பயிற்சியாளர்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.

பெரியவங்க மூழ்கற மாதிரி உணர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் தலைதான். பயத்துல தலையைத் தூக்குவோம், தலை மேல போனா இடுப்பும் காலும் கீழ போயிடும். ரெண்டாவது, மூச்சை அடக்கிப் பிடிக்கறது, உள்ள கரியமில வாயு சேரச் சேர பதட்டம் ஏறும். அதனால முதல் வாரம் நீந்தவே வேண்டாம். நெஞ்சளவு தண்ணியில நின்னு, முகத்தை உள்ள விட்டு, மூக்கு வழியா குமிழி விடறது மட்டும். அடுத்தது சுவரைப் பிடிச்சு மிதக்கறது. அதுக்கப்புறம் ரொம்ப முக்கியமான பாடம் ஒண்ணு இருக்கு, மிதக்கறப்போ எழுந்து நிக்கறது: முட்டியை நெஞ்சுக்கு இழுத்து, கையால தண்ணியை கீழ அழுத்தி, தலையைத் தூக்கிக் கால் ஊணணும். எப்ப வேணா நின்னுக்கலாம்னு உடம்புக்குத் தெரிஞ்சுட்டா பாதி பயம் அன்னைக்கே போயிடும். நீங்க கண்டிப்பா போகணும், எனக்கு உண்மையிலேயே ஆசையா இருக்கு. போயிட்டு எழுதுங்க.

மூளைக்குப் பயிற்சி தர்ற ஆப் ஒண்ணுக்கு பணம் கட்டலாமா? மறதி வராதாமே? வயசு 66.

பிடிச்சிருந்தா விளையாடுங்க, மறதியைத் தடுக்கும்னு நம்பி கட்டாதீங்க. ஆப்ல விளையாடினா முக்கியமா அந்த விளையாட்டுதான் நல்லா வரும். இப்படி ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணின ஒரு கம்பெனி மேல வியாபார ஏமாத்து வேலைகளைத் தட்டிக் கேக்கற அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016-ல நடவடிக்கை எடுத்து 20 லட்சம் டாலர் வாங்கினது. அதுக்கு பதிலா கஷ்டமான ஒரு கலையை எடுங்க. டெனிஸ் பார்க்ங்கற அமெரிக்க ஆய்வாளரோட குழு 2014-ல வெளியிட்ட ஆய்வுல, 60-லேருந்து 90 வயசு வரைக்கும் உள்ளவங்க மூணு மாசம், வாரத்துக்கு பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல டிஜிட்டல் போட்டோகிராஃபியும் துணித் தையல் கலையும் கத்துக்கிட்டாங்க. சும்மா கூடிப் பேசி பொழுது போக்கின குழுவை விட இவங்க ஞாபகம் முன்னேறியிருந்தது, முக்கியமா கேமரா கத்துக்கிட்டவங்களுக்கு. மறதி நோயே வராதுன்னு அது சொல்லல, நானும் சொல்லல.

ஜிம்முக்குப் போனா சிரிப்பாங்களா? வயசு 70.

போங்க. 1990-ல ஒரு முதியோர் இல்லத்துல சராசரி 90 வயசு உள்ள பத்து பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி குடுத்தாங்க, கடைசி வரைக்கும் செஞ்ச ஒம்போது பேருக்கு பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு. தசை சீக்கிரம் தேறிடும், தசைநார் மெதுவாத்தான் தேறும், அதனால முதல் ரெண்டு மாசம் இன்னும் தூக்கலாம்னு தோணினாலும் எடையை ஏத்தாதீங்க. பிரஷர், இதயப் பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.