ரயிலடியில் காத்திருந்த பஸ்

கேள்வி: அந்தக் காலத்தில் ரயில் எவ்வளவு தாமதமானாலும் எங்கள் ஊர் பஸ் ரயிலடியிலேயே காத்துக் கிடக்கும் என்பார் என் தாத்தா. சாலை இருந்தும் பஸ் நேராகச் சென்னைக்குப் போகாதது ரயில்வேக்காரர்களின் சூழ்ச்சிதானே?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இல்லை. ரயிலை விட்டால் அந்த பஸ்ஸுக்குப் பிழைப்பே கிடையாது.

உங்கள் ஊர் ரயிலடி ஊரைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது, பாருங்கள். வேலூரும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அகலப்பாதை காட்பாடியோடு போய்விட்டது, நடுவே பாலாறு. வாலாஜா ரோடு ஸ்டேஷன் என்றால், வாலாஜாவுக்குச் சாலை பிரியும் இடம் என்று அர்த்தம். ஊர் அங்கே இல்லை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பிய தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்றது அங்கேதான். அந்த மிச்சத் தூரத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஜட்காவும் மாட்டுவண்டியும்தான் கதி. மோட்டார் வந்ததும் முதலில் பிடித்துக்கொண்டது அந்த வேலையைத்தான். மூட்டை முடிச்சோடு ஒரே நேரத்தில் அத்தனை பேர் வந்து இறங்கும் இடம், திருவிழா நாள் நீங்கலாக, ஜில்லாவில் வேறு எது?

பயணிகள் மட்டுமல்ல, பஸ்ஸுக்கு வேண்டிய பெட்ரோலும் ரயிலை நம்பித்தான்; அது கப்பலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து கூட்ஸ் வண்டியில் ஏறித்தான் இந்தப் பக்கம் வந்தது. டயர் இன்னும் பெரிய பாடு. 1936-ல் வங்காளத்தில் சாகாகஞ்ச் டன்லப் தொழிற்சாலை தொடங்கும் வரை டயர் எல்லாம் கடல் கடந்து வந்த சரக்கு. கட்டை வண்டிகளின் இரும்புப் பட்டா அரைத்துப் போட்ட கப்பிச் சாலை, அதில் மாட்டு லாட ஆணிகள். டயர் எத்தனை நாள் தாங்கும்? மாற்று டயரும் உதிரி பாகமும் ரயில் பார்சலில்தான் வந்தாக வேண்டும். அந்த நிலையில் ஒரே ஒரு வண்டி வைத்திருந்தவர், பாலமில்லாத ஆறுகளைத் தாண்டி சென்னை வரை நூறு மைல் போல விடத் துணிவாரா?

உங்கள் சந்தேகம் பிந்திய காலத்துக்குப் பொருந்தும். வண்டியும் சாலையும் தேறி, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே பஸ்கள் ஓடத் தொடங்கியதும் ரயில்வேயின் வருமானம் அடிபட்டது. 1932-33-ல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகள் இந்தப் போட்டியை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்து பர்மிட் கெடுபிடி இறுகியது. அதில் ரயில்வேயின் கை இருந்தது; மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை முப்பது வருஷம் பின்னே தள்ளி, முதல் பஸ்ஸின் மேல் ஏற்றாதீர்கள். தாத்தா பார்த்த டிரைவர் காத்திருந்த அந்த ரயிலில்தான் அவருடைய பயணிகள் வந்துகொண்டிருந்தார்கள்.