கோல் இல்லாத ஔவை

அன்புள்ள ஐயா,

என் மச்சான் பெங்களூரிலிருந்து வரும்போது ஆறாவது படிக்கும் என் மகளுக்கு ஒரு பொம்மை செட் வாங்கி வந்தார். சாக்ரடீஸ், மார்க்ஸ், பிராய்டு, ஐன்ஸ்டீன். விரல் நீளம்தான், தொட்டால் தலை ஆடுகிறது. சாக்ரடீஸ் கையில் விஷக் கோப்பை. பெரிய சிந்தனையாளர்களை இப்படி விளையாட்டுச் சாமானாக்கி விற்பது அவமதிப்பு இல்லையா? நாளைக்கு வள்ளுவரையும் தலையாட்ட வைத்தால் சும்மா இருப்போமா? "இவர் கையில என்னப்பா டம்ளர்?" என்று மகள் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாலையும் வாங்கி ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பிக்கு,

அவமதிப்பைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பாப்பா கேட்டதற்கு என்ன சொன்னீர்கள் என்று ஒரு வரி இல்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்டே திரிந்து அதனாலேயே செத்துப்போன மனுஷனின் பொம்மையைப் பார்த்து ஒரு பிள்ளை கேள்வி கேட்கிறது, நீங்கள் பொம்மையைப் பிடுங்கிப் பூட்டுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

வள்ளுவரை விடுங்கள். அவர் முகத்தைப் பார்த்தவர் யார்? நாம் கும்பிடும் படம் வேணுகோபால் சர்மா வரைந்தது, 1960இல் தபால்தலையாக வந்தது. சாக்ரடீஸுக்கோ பொம்மை புதிதே இல்லை. பிளேட்டோ எழுதிய விருந்து உரையாடலில் அவருடைய சிநேகிதன் அல்கிபியாதிஸ் குடித்துவிட்டு வந்து சாக்ரடீஸை நேருக்கு நேராகவே பொம்மை என்கிறான். சிற்பிகள் கடையில் சைலீனஸ் என்றொரு பொம்மை விற்கும், கையில் குழல் வைத்திருக்கும், திறந்தால் உள்ளே தெய்வ உருவங்கள் இருக்கும், இவர் அந்த மாதிரி என்கிறான். அவரும் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் இருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு மண் ஔவை இருந்தாள். அத்தை தர்மபுரி சந்தையில் வாங்கியது. வெள்ளைச் சேலை, நெற்றியில் பட்டை, கூன் முதுகு, கம்பியில் ஒரு கோல். வாரம் ஒன்றுகூட ஆகவில்லை, நானும் தங்கையும் இழுத்த இழுப்பில் கோல் கழன்று தொலைந்துவிட்டது. கை மட்டும் நீட்டியபடி நின்றது, உள்ளங்கையில் கம்பி இருந்த ஓட்டை. நான் அழுதேன். அத்தை பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழுவாதடா, கெழவி நெல்லிக்கனி வாங்கக் கை நீட்டறா" என்றாள். அன்றைக்கு ராத்திரிதான் அதியமான் கதையை முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை அதியமான்கோட்டை எங்களுக்கு சேலம் பஸ் நிற்கிற ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான்.

கல்லூரியில் புறநானூற்று 89ஆம் பாட்டைப் படித்தபோது எனக்கு அந்த ஓட்டைக் கைதான் ஞாபகம் வந்தது. பகை மன்னன் ஒருவன் ஔவையைப் பார்த்து, நகை அணிந்தவளே, மை தீட்டிய கண்ணும் ஒளியான நெற்றியும் உள்ள, ஆடிப் பாடும் விறலியே, உன் நாட்டில் சண்டைபோட ஆள் உண்டா என்று கேட்கிறான். கூன் எங்கே, கோல் எங்கே? ஔவை என்ற பெயரில் பின்னாலும் புலவர்கள் இருந்தார்கள், எல்லாரையும் ஒரே பாட்டியாக்கிக் கையில் கோலைக் கொடுத்துவிட்டோம். தகடூர் ஔவை, அதாவது பழைய தர்மபுரியின் ஔவை, ஆடிப் பாடித் திரிந்தவள். கடையில் வாங்கியபடி இருந்த பொம்மையைவிட நாங்கள் உடைத்த பொம்மை அவளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

இன்னும் கேளுங்கள். இதே ஔவை அதியமானுக்காகக் காஞ்சி மன்னன் தொண்டைமானிடம் தூது போனபோது அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். இவையெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் பத்திரமாக இருக்கின்றன, அதியமானுடையவை குத்திக் குத்தி முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் அவள். 95ஆம் பாட்டு. உங்கள் ஷோகேஸ் தொண்டைமான் கொட்டில்தான் தம்பி. கிருஷ்ணகிரி 2004 வரை எங்கள் தர்மபுரி மாவட்டம், அந்த உரிமையில் திட்டுகிறேன். இன்றைக்கே திறந்து எடுத்துக் கொடுங்கள். தலை கழன்றால் கழலட்டும், கோப்பை தொலைந்தால் தொலையட்டும்.

ஆனால் டம்ளருக்குப் பதில் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதில் இருந்தது ஹெம்லாக் என்கிற செடியின் விஷம். கி.மு. 399, ஏதென்ஸ் சிறை. தப்பிக்க நண்பர்கள் வழி செய்திருந்தும் அவர் போகவில்லை. குடித்தார், கால் கனக்கிறவரை நடந்தார், அப்புறம் படுத்தார். வைத்தியத்துக்கான சாமி அஸ்க்லெபியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்று நண்பன் கிரிட்டோவிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துவிடுவது பாப்பாவுக்குத் தெரிந்திருக்கும். சாகிற நேரத்தில் எதற்குச் சேவல் என்று கட்டாயம் கேட்பாள். அவளே ஒரு பதிலும் சொல்வாள், அதை எனக்கு எழுதுங்கள்.