கம்பெனி ஏன் நம் சர்க்கரை அளவைப் பார்க்கிறது? கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ராணிப்பேட்டை சிப்காட்டில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கே: ஷூ கம்பெனியில் தையல் வேலை. திடீரென்று இலவச ரத்தப் பரிசோதனை, யோகா என்கிறார்கள். அவர்களுக்கு என்ன லாபம்? (ஆம்பூர்)

ப: லாபம் உண்டு அம்மா, ஆனால் மருத்துவச் செலவில் இல்லை. உங்கள் சம்பளம் 21,000-க்குள் என்றால் முதலாளி இ.எஸ்.ஐ.க்கு, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுக்கு, கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். யாருக்கும் நோயே வராவிட்டாலும் அது குறையாது. நீங்கள் படுத்துவிட்டால் 70 சதவீதக் கூலியைத் தருவதும் இ.எஸ்.ஐ.தான். முதலாளிக்கு அடி விழுவது லைனில். அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் வரிசையில் நடுவே ஒரு மெஷின் காலியானால் அடுத்தடுத்த மெஷின்களுக்குப் பீஸ் வராது, ஷிப்மென்ட் தள்ளிப்போகும். பழகிய கை வேலையை விட்டுப் போனால் இன்னும் நஷ்டம். ஷூ வாங்கும் வெளிநாட்டு கம்பெனியின் ஆடிட்டுக்குக் காட்டவும் இது உதவும். பரிசோதனைக்குப் போங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன், ரிப்போர்ட் யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள்.

கே: ஐ.டி. வேலை. தினமும் நடந்தால் கிஃப்ட் கூப்பன் தருகிறார்கள். ஏன்? (காட்பாடி)

ப: உங்களுடையது குரூப் இன்சூரன்ஸ், கம்பெனி எல்லோருக்கும் மொத்தமாக எடுப்பது. கிளெய்ம் கூடினால் அடுத்த வருஷ பிரீமியம் ஏறும். ரிப்போர்ட் யாரிடம் போகிறது என்று நீங்களும் கேளுங்கள்.

கே: இதனால் செலவு நிஜமாகவே குறையுமா? (வேலூர்)

ப: அமெரிக்காவில் பிஜேஸ் என்ற கடைத்தொடரின் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து, இப்படிப்பட்ட ஆரோக்கியத் திட்டம் பலன் தருகிறதா என்று பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. 18 மாதத்தில், உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை கூடியது. ரத்த அழுத்தம், மருத்துவச் செலவு, லீவு எதிலும் சொல்லும்படி மாற்றமில்லை.

கே: எங்கள் கம்பெனியிலும் பரிசோதனை. ஏன் சார்? (ஆற்காடு)

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: சர்க்கரை 240. என்ன மாத்திரை போடலாம்?

ப: நான் டாக்டர் இல்லை. இன்றே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

கே: யோகா இருக்கட்டும் சார். பாத்ரூம் போகவே டோக்கன் வாங்கணும். (வாணியம்பாடி)

ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். டோக்கனுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அப்படி இருந்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? குடிதண்ணீரும் கழிப்பறையும் சட்டப்படி கொடுக்க வேண்டியவை, சலுகை அல்ல.

கே: நான் சூப்பர்வைசர். டோக்கன் இல்லாவிட்டால் டார்கெட் போகும். பேசுவது சுலபம்.

ப: உங்கள் நெருக்கடி புரிகிறது தம்பி. வரிசைக்கு ஒரு மாற்றுக் கை கேட்டு வாங்குங்கள். ஒருவர் எழுந்தால் அந்த மாற்று ஆள் உட்காரட்டும். யோகா மாஸ்டருக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள்.